வானம் பார்த்த பூமியும் மனிதர் வகுத்த பஞ்சமும்

மழை பொய்த்தால் பஞ்சம் வரும் என்பது நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய கூற்று. ஆனால், மழை பொய்த்த நாடுகளிலெல்லாம் மக்கள் மடிந்ததில்லை. மக்கள் மடிந்த நாடுகளிலும் எல்லா வீட்டு அடுப்புகளும் ஒன்றுபோல் அணைந்ததில்லை. ஒரே வானத்தின் கீழ், ஒரே ஊரில், ஒரு வீட்டில் குதிர் நிறைந்திருக்க, அடுத்த வீட்டார் குடிபெயர்ந்து போயிருக்கிறார்கள். ஆகவே வறட்சி வேறு, பஞ்சம் வேறு. முன்னது வானத்தின் செயல். பின்னது பெரும்பாலும் மனிதர் வகுத்த ஏற்பாடுகளின் விளைவு.

இந்த வேறுபாட்டைக் கற்பதற்குக் கொங்கு நாட்டின் காங்கேயம் வட்டாரம் நல்லதொரு பாடநூல். உலகம் வெப்பமடைகிறது, பருவங்கள் தடுமாறுகின்றன என்று இன்று நாளேடுகள் எழுதுகின்றன. அது பனிமலைகள் உருகும் தொலைதேசத்துச் செய்தி என்று நம் குடும்பங்களில் பலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதைக் காங்கேயத்தின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது.

மலை மறைத்த மழை

கொங்கு நாட்டின் பழைய பிரிவுகள் இருபத்து நான்கில் ஒன்று காங்கேய நாடு. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் நீரையெல்லாம் அம்மலை தன் மேற்குச் சரிவிலும் முகட்டிலும் வாங்கிக்கொள்கிறது. காங்கேயத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வால்பாறை மலைப்பகுதியின் சின்னக்கல்லாற்றில் ஆண்டுக்கு 300 செ.மீ.க்கும் மேல் மழை பெய்கிறது. காங்கேயம் சமவெளிக்குக் கிடைப்பதோ 60 முதல் 70 செ.மீ. மட்டுமே. தமிழகத்தின் சராசரியான 92 செ.மீ.க்கும் அது குறைவு.

மழையை மலை மறைக்கிறது, காற்றை மறைப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் புகுந்து வரும் காற்று, ஈரத்தைப் பின்னே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கொண்டுவருகிறது. மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் அது உறிஞ்சிச் செல்கிறது. மண்ணுக்கு அடியிலோ கடும்பாறை. மணற்பாங்கான நிலத்தில் நீர் ஊறித் தேங்குவதுபோல் இங்கே தேங்குவதில்லை; பாறையின் மேற்புறம் சிதைந்த பகுதியிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. வானமும் பூமியும் ஒருசேரக் கைவிரித்த இத்தகைய நாட்டில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

கொறங்காடு என்னும் காப்பு

அவர்கள் கண்ட விடை கொறங்காடு. உழவுக்கு ஏற்காத நிலத்தைப் புல்லுக்கு விட்டு, சுற்றிலும் முள் கிளுவையை உயிர்வேலியாக நட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை வளர்த்து உருவாக்கிய மேய்ச்சல் நிலத்துக்கே அப்பெயர். இங்கே வளரும் கொழுக்கட்டைப் புல், மழை இல்லாத மாதங்களில் மேலே காய்ந்தாலும் வேரில் உயிரை வைத்துக்கொண்டிருக்கும்; ஒரு மழை பெய்தால் தழைத்துவிடும். புல் தீர்ந்த கோடையில் வெள்வேலங்காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். வேலி இருப்பதால் மேய்ப்பவர் இன்றியே கால்நடை உள்ளே நிற்கும். புகழ்பெற்ற காங்கேயம் மாடு, இந்தக் கொறங்காட்டின் பிள்ளை. அவ்வினத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்குண்டு.

சிறிதளவு நஞ்சை, கிணற்றடியில் தோட்டம், மழையை நம்பிய காட்டில் சோளமும் கம்பும், எதற்கும் ஆகாத நிலத்தில் கொறங்காடு என்று நிலத்தைப் பகுத்திருந்த ஏற்பாடு அது. ஒன்று பொய்த்தால் மற்றொன்று தாங்கும். வறட்சி வரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வாழ்க்கை முறை என்று இதனைக் கூறலாம்.

எனினும் பழமையை அளவு மீறிப் புகழ்வது வரலாற்றுக்கு அழகன்று. இந்த ஏற்பாடு நிலம் உடையவரைத் தாங்கியது. நிலம் இல்லாத பண்ணையாளுக்கு அதில் இருந்த பங்கு, ஆண்டையின் களத்திலிருந்து அளந்து கொடுக்கப்பட்ட தானியம் மட்டுமே. கிணற்றிலிருந்து மாடுகளைப் பூட்டி நீர் இறைக்கும் கவலைக்குத் தோற்சால் தைத்துக் கொடுத்தவர்களும், அக்கவலையை ஓட்டியவர்களும் பெரும்பாலும் அருந்ததிய மக்களே. களம் வெறுமையானால் முதலில் வெறுமையாவது அவர்களது கலயம். இதனைத் தாது வருடம் உலகறியக் காட்டிற்று.

தாது வருடப் பஞ்சம்

1876இல் சென்னை மாகாணத்தில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. அதனைத் தொடர்ந்து வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 1877இலும் தென்மேற்குப் பருவம் ஏமாற்றியது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருடம் ஆதலால் தாது வருடப் பஞ்சம் என்றே நம் மக்கள் அதனை நினைவில் வைத்தனர். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில், இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று அவ்வாட்சி அமைத்த பஞ்ச ஆணையமே கணக்கிட்டது.

கோயம்புத்தூர் மாவட்டம் தப்பவில்லை. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 17 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் இருந்த அம்மாவட்டத்தின் மக்கள் தொகை, 1881இல் 16 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. பத்து ஆண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய மக்கள் தொகை ஓர் இலட்சம் குறைந்தது என்றால், அந்த இலட்சத்துக்குப் பின்னால் பிறக்காமலே போன குழந்தைகளும் இலங்கையின் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பாத குடும்பங்களும் இருக்கின்றன.

அப்போது இந்நாட்டில் தானியமே இல்லையா? இருந்தது. சென்னையிலிருந்து ஈரோடு, ஊத்துக்குளி, போத்தனூர் வழியே மேற்குக் கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1862இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. இரயில் வந்துவிட்டதால் பஞ்சம் இனி வராது என்று அன்று நம்பியோர் பலர். ஆனால் இரயில் தானியத்தைப் பசித்தவன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. விலை கொடுப்பவன் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகிறது. அப்பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. 1877 சனவரி முதல் நாளில் டில்லியில் அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு பெரும் தர்பார் கூட்டி விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்தார்.

அதே மாதம் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார் பஞ்சச் செலவைக் குறைப்பதற்காகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு இராத்தல் தானியம் போதும் என்று அவர் விதித்தார். ஒரு இராத்தல் என்பது இன்றைய கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இந்த அளவு போதாது என்று வாதாடினார். பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கால்நடைகளும் பெருவாரியாக மடிந்தன. மாடு மடிந்த ஆண்டுகளில் மாகாணத்தின் தோல் ஏற்றுமதி பெருகியது. தோல் வணிகத்தில் தமிழ் முஸ்லிம்கள் பலர் ஈடுபட்டிருந்த காலம் அது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. உழவனின் இழப்பு வணிகனின் சரக்காக மாறியது ஒருவர் செய்த குற்றமன்று. ஒரு பொருளாதார ஏற்பாட்டின் இயல்பு. ஆயினும் ஒரே வறட்சி ஒருவருக்கு அழிவாகவும் மற்றொருவருக்கு வரவாகவும் அமைந்தது என்பதற்கு அது தெளிவான சான்று.

பஞ்ச காலத்து ஆட்சியைப் பற்றிப் பேசும்போது, இஸ்லாமிய வரலாறு அறிந்தோர் ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை நினையாதிரார். ஹிஜாஸில் மழை பொய்த்து, காற்று சாம்பல்போல் புழுதியை வாரி இறைத்ததால் அது ‘சாம்பல் ஆண்டு’ எனப்பட்டது. கலீபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவிலிருந்து தானியம் வரவழைத்து மதீனாவில் குழுமிய மக்களுக்கு உணவளித்ததையும், மக்களுக்குக் கிடைக்கும் வரையில் நெய்யையும் இறைச்சியையும் தாம் தொடாதிருந்ததையும் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். அங்கும் மழை பெய்யவில்லை; இங்கும் பெய்யவில்லை. ஆண்டவர்கள் நடந்துகொண்ட முறைதான் வேறு.

1880இல் வெளிவந்த பஞ்ச ஆணைய அறிக்கையும் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. பஞ்சத்தில் முதலில் வீழ்பவர்கள் வேலையிழந்த விவசாயக் கூலிகளும் கைத்தொழிலாளரும். அவர்களிடம் இல்லாதது தானியம் மட்டுமன்று, தானியம் வாங்கும் கூலியும்தான் என்பதே அது. நூறு ஆண்டுகள் கழித்து, 1981இல் அமர்த்தியா சென் தம் பஞ்ச ஆராய்ச்சி நூலில் இக்கருத்தை விரிவாக நிறுவினார்.

கிணறு, மோட்டார், ஆழ்துளை

பஞ்சம் கற்பித்த பாடம் கிணறு. 1883இல் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் இயற்றப்பட்டது. பாறையை உடைத்துக் கிணறு தோண்டுவதில் கொங்கு உழவர் முன்பே வல்லவர்; பஞ்சத்துக்குப் பின் அது மேலும் பெருகியது. கவலை ஓட்டக் காங்கேயம் காளைகள் தேவைப்பட்டன. காளைகளுக்குக் கொறங்காடு தேவைப்பட்டது. இவ்வாறு கிணறும் மாடும் மேய்ச்சல் நிலமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இன்னொரு நன்மையும் இருந்தது. இரு மாடுகள் ஒரு நாளில் இழுக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது.

அக்காவலை மின்சாரம் நீக்கியது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1937இல் கோயம்புத்தூரில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவாயிற்று. விடுதலைக்குப் பின் கிராமந்தோறும் மின்கம்பி சென்றது. கோவை மோட்டார்கள் தமிழகமெங்கும் நீர் இறைத்தன. 1990 முதல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. இவை எவற்றையும் நாம் பழிப்பதற்கில்லை. நாள் முழுதும் கவலை மேட்டில் ஏறி இறங்கிய மனிதரின் முதுகை நிமிர்த்தியது மோட்டார்தான். ஆயினும் தோற்சால் தைத்தவர் தொழிலை இழந்தார். காளை வேலையை இழந்தது. காளை போனபின் கொறங்காடு பொருளை இழந்தது. 1990இல் 11 இலட்சத்துக்கு மேல் இருந்த காங்கேயம் இன மாடுகள், 2000இல் 5 இலட்சத்துக்கும் குறைந்துவிட்டன என்பது அவ்வினத்தைக் காக்க முயல்வோர் தரும் கணக்கு.

பின்னர் ஆழ்துளைக் கிணறு வந்தது. திருச்செங்கோட்டு லாரிகள் பாறையை ஆயிரம் அடி வரை துளைத்தன. சோளமும் கம்பும் விளைந்த காடுகளில் தென்னை எழுந்தது. காங்கேயம் கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெயர்பெற்ற சந்தையாயிற்று. இதனால் பல குடும்பங்கள் தலையெடுத்தன. ஆனால் சோளக்காட்டை ஓராண்டு தரிசாகப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கலாம். கொழுக்கட்டைப் புல்லும் காத்திருக்கும். தென்னை காத்திருக்காது. ஆண்டின் எல்லா மாதமும் அதற்கு நீர் வேண்டும். வறட்சியை எதிர்பார்த்து அமைந்த வாழ்க்கை, வறட்சியே வராது என்று நம்பும் வாழ்க்கையாக மாறிவிட்டது.

அந்த நம்பிக்கை உடைந்த ஆண்டு 2016. அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கொங்குப் பகுதியில் தென்னைகள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. வசதியுள்ளவர் மேலும் ஆழமாகத் துளைத்தார். லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினார். வசதியற்றவர் மரத்தை வெட்டினார். தாது வருடத்தில் தானியம் விலையால் பிரிக்கப்பட்டது. இப்போது நிலத்தடி நீர் ஆழத்தால் பிரிக்கப்படுகிறது.

கால்வாயின் கடைமடை

ஆற்று நீர் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. 1950களில் கீழ்பவானித் திட்டம் 2 இலட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் அளித்தது; அதன் 200 கிலோமீட்டர் நீளக் கால்வாய், காங்கேயத்தின் வடகிழக்குப் பகுதிகளையும் தொட்டுச் செல்கிறது. மேற்கிலிருந்து பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் நீர் வந்தது. தமிழகமும் கேரளமும் 1970இல் ஒப்பந்தம் செய்துகொண்ட திட்டம் அது. மேற்கே பாயும் மலையாறுகளின் நீரைக் கிழக்கே திருப்பியதன் மூலம், மலை மறைத்த மழையில் ஒரு பங்கை மனிதர் மீட்டுக்கொண்டனர் எனலாம்.

ஆனால் அத்திட்டத்தின் பாசனப் பரப்பு காலப்போக்கில் விரிந்துகொண்டே போயிற்று. நீர் விரியவில்லை. பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து நீர் விடுகிறார்கள். காங்கேயம் – வெள்ளகோவில் கிளைக் கால்வாய் இதன் கடைமடை. மேலே எடுக்கப்பட்டது போக எஞ்சியதே அங்கு வந்து சேரும். உரிய பங்கு கேட்டு அப்பகுதி உழவர்கள் அண்மை ஆண்டுகளில் உண்ணாநோன்புப் போராட்டமும் நடத்தினர். மழை குறையும் ஆண்டில் அணையில் காணும் பற்றாக்குறை தலைமடையில் பாதியாகத் தெரியும். கடைமடையில் முழுதாகத் தெரியும்.

வடக்கே நொய்யலின் கதை இன்னும் கசப்பானது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை திறக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அவ்வணையில் வந்து தேங்கியது, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. திறந்தால் கீழுள்ள நிலம் கெடும். திறக்காவிட்டால் சுற்றியுள்ள கிணறு கெடும். உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் கடும் நிபந்தனைகளை விதித்தது. 2011 சனவரியில், கழிவை முற்றாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. உலகச் சந்தைக்குப் பனியன் அனுப்பிய ஊர் வளம் பெற்றது. ஆற்றின் கீழே இருந்த ஊர்கள் அதன் விலையைக் கொடுத்தன. பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்ததும் கூலித் தொழிலாளிதான்.

மழையும் மனிதன் கையில்

இதுவரை வானத்தைக் குற்றமற்றது என்றே வைத்துப் பேசினோம். அங்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது.

தாது வருடத்தில் மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி அறிஞர்களை நெடுங்காலம் வாட்டியது. அதே ஆண்டுகளில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் கொடும் வறட்சி நிலவியது. இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர், இந்தியப் பருவமழையை முன்னறியும் முயற்சியில், பசிபிக் கடலின் இருபுறமும் காற்றழுத்தம் ஊசல்போல் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். அந்த ஊசலும், பசிபிக் கடற்பரப்பு அளவுமீறி வெப்பமடையும் ‘எல் நினோ’ என்னும் நிகழ்வும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது 1960களில் தெளிவாயிற்று. 1877 – 78இல் ஏற்பட்ட எல் நினோ, அறியப்பட்டவற்றுள் மிக வலியவற்றில் ஒன்று. அது இயற்கையின் செயல். அதில் மனிதன் கை இல்லை.

இன்று அப்படிச் சொல்ல இயலாது. தாது வருடத்தில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 290 பங்கு அளவில் இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததன் விளைவு அது. 2024ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் பதிவான முதல் ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. காற்று ஒரு டிகிரி வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். மண்ணிலிருந்தும் குளத்திலிருந்தும் அதிகமாக உறிஞ்சும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்ததை நம் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். காங்கேயம் ஓராண்டு முழுதும் காணாத மழை அது. காயல்பட்டினத்தார் கண்ட வெள்ளமும் காங்கேயத்தார் கண்ட வறட்சியும் முரண்பட்டவை போலத் தோன்றலாம். வெப்பமடைந்த வானம் இரண்டையும் கடுமையாக்க வல்லது.

இந்த வெப்பத்துக்கு எல்லாரும் ஒரே அளவில் பொறுப்பாளிகள் அல்லர். சராசரி அமெரிக்கர் ஒருவர் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயு, சராசரி இந்தியர் ஒருவருடையதைப்போல் ஆறேழு மடங்கு. இந்தியருக்குள்ளும் மாளிகைவாசியும் மாட்டுத்தொழுவத்தில் வேலை செய்பவரும் ஒன்றல்லர். கொறங்காட்டில் ஆடு மேய்க்கும் ஒரு கிழவியின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மழை தவறினால் முதலில் இழப்பவர் அவர்தான்.

வறட்சி வருமுன் செய்யத்தக்கது

ஒன்றரை நூற்றாண்டில் நாம் கண்டது இது: ஒவ்வொரு தலைமுறையும் முந்திய வறட்சிக்கு ஒரு மருந்து கண்டது, அம்மருந்தே அடுத்த வறட்சியின் ஆபத்தை வேறோர் இடத்துக்கு மாற்றி வைத்தது. இரயில் ஆபத்தை விலைக்கு மாற்றியது. மோட்டார் ஆழத்துக்கு மாற்றியது. கால்வாய் கடைமடைக்கு மாற்றியது. ஆபத்து போய்ச் சேர்ந்த இடமெல்லாம் எளியவர் நின்ற இடம்.

அதே பாலக்காட்டுக் காற்று இன்று உடுமலை, தாராபுரம், காங்கேயம் வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. மண்ணை உலர்த்திய காற்றுக்கு மனிதர் நல்ல வேலை கொடுத்திருக்கிறார்கள். அதுபோன்ற அறிவு நீரிலும் நிலத்திலும் வேண்டும். எஞ்சியுள்ள கொறங்காடுகளைத் தரிசு என்று கணக்கெழுதாமல் காக்க வேண்டும். கடைமடைக்குரிய பங்கை மழை குறைந்த ஆண்டிலும் உறுதி செய்ய வேண்டும். வறட்சி நிவாரணம் என்றால் பட்டாதாரருக்கு மட்டுமன்றி, வேலையிழக்கும் கூலியாளுக்கும் சேரவேண்டும். 1880ஆம் ஆண்டின் அறிக்கை கண்ட உண்மையை இன்றைய அரசுகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நம் குடும்பங்களுக்கும் வேலை உண்டு. தாராபுரம், ஈரோடு, கோயம்புத்தூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் மக்களில் நிலம் உடையோர் உண்டு. மண்டி வைத்திருப்போர் உண்டு. பட்டறையில் கூலி வேலை செய்வோரும் உண்டு. மழை தவறும்போது மைதானத்தில் திரண்டு மழைத் தொழுகை நடத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டிக் கிடைத்த மழையைச் சாக்கடைக்கு விடுவது அத்தொழுகைக்குப் பொருந்துமா? 2003இல் தமிழக அரசு மழைநீர்ச் சேமிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. நம் பள்ளிவாசல்களின் அகன்ற தளங்களில் விழும் நீர் எங்கே போகிறது, ஹவுளிலிருந்து வழியும் நீர் எந்த மரத்துக்குச் சேர்கிறது என்பதை ஜமாஅத்தார் இந்தக் கோடையிலேயே பார்த்துவிடலாம். அடுத்த வறட்சி எந்த ஆண்டில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வரும்போது அது யார் வீட்டு அடுப்பை அணைக்கும் என்பதை மட்டும் இப்போதே நாம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம்.